மயிர்: சில அரசியல் குறிப்புகள்

‘நிலம், பஞ்சமி, கூலி, வன்கொடுமை வழக்கு, இடஒதுக்கீடுன்னு எழுத எவ்வளவோ கெடக்கு. நீங்க என்னாங்க, மயிரப் பத்தி எழுதப் போறேங்குறீங்க?’ என்று தோழர் ஒருவர் கேட்டார். ‘மயிர்’ என்று சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்திருப்பவள் பெண்ணாயிற்றே. அந்தத் தணிந்த குரலிலிருந்தே இதைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒரே பொருளுக்கு எத்தனை பெயர் பாருங்கள். தைல விளம்பரத்தில் அது கேசம். கவிதையில் கூந்தல். சலூனில் முடி. சண்டையில் மயிரு. எங்கள் தெருவுக்கு வந்தால் அதற்குப் பெயர் ‘பரட்டை’. சுருண்டு, படியாமல், எண்ணெய் காணாமல் இருக்கிற தலையோடு ஒரு பிள்ளை வகுப்புக்குள் நுழைந்தால் வாத்தியார் பெயர் கேட்க மாட்டார். ‘ஏய் பரட்ட, கடைசி பெஞ்சுக்குப் போ’ என்பார். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் தெரு இருக்கிறது, தொழில் இருக்கிறது, சாதி இருக்கிறது. நான் வேலை பார்க்கிற இடத்திலும் ஓர் அதிகாரி மிகவும் மரியாதையாகவே சொன்னார்: ‘மேடம், நீங்க கவுன்டர்ல உக்கார்றவங்க. முடிய கொஞ்சம் ஸ்மூத்தனிங் பண்ணிக்கலாமே?’ திட்டுவதற்கும் மரியாதைக்கும் இடையில் நாற்பது வருடம் போயிருக்கலாம். சொல்லப்பட்ட விஷயம் ஒன்றுதான். உன் தலை சரியில்லை, மாற்றிக்கொள்.

‘மாற்றிக்கொள்ளலாமே’ என்கிற அந்தச் சொல்லுக்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். இதற்கு மேடைப் பேச்சு மட்டும் போதாது. கொஞ்சம் ஹார்மோன் பாடமும் வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் என்பது பெரும்பாலும் சினைப்பையில் சுரக்கிற ஹார்மோன். ஆண் உடம்பிலும் சிறிய அளவில் உண்டு. ரத்தத்தோடு ஓடுகிற இது ஒரு சாவி. உடம்பின் பல உறுப்புகளில் இதற்கான பூட்டு இருக்கிறது. மார்பகத்தில், கர்ப்பப்பையில், எலும்பில், தோலில், முடியின் வேரில். சாவி சேர்ந்ததும் அந்தந்த உயிரணு தன் வேலையைத் தொடங்கும்.

ஒவ்வொரு மயிருக்கும் வளர்கிற காலம் என்று ஒன்று உண்டு. தலையில் அது 2 முதல் 6 வருடம். பிறகு ஓய்வு, பிறகு உதிர்வு. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் பெருகும்போது வளர்காலம் நீள்கிறது. உதிர வேண்டிய முடி உதிராமல் நிற்கிறது. தலை அடர்த்தியாகத் தெரிகிறது. பிள்ளை பிறந்ததும் ஈஸ்ட்ரோஜன் சரேலென்று இறங்குகிறது. அதுவரை பிடித்து நிறுத்திய முடியெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக விழுகிறது. ‘புள்ள மூஞ்சி பாக்க ஆரம்பிச்சா தாயிக்கு மயிரு கொட்டும்’ என்று எங்க ஆயா சொல்லும். பிள்ளை முகம் பார்த்துச் சிரிப்பதும் அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கை நாட்டு வைத்த கிழவி அது. காரணத்தைத்தான் பிள்ளை மேல் போட்டுவிட்டது. பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் முடி திரும்ப வந்துவிடும். அதற்குள் தைலக்காரன் வந்து தன்னால்தான் முளைத்தது என்பான்.

தோலுக்கு வருவோம். கர்ப்பத்தின்போதும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் சில பெண்களுக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் படை படையாகக் கறுப்பு ஏறும். மங்கு என்கிறோம். இந்த ஹார்மோன்கள் தோலின் நிறமணு உயிரணுக்களைத் தூண்டிவிடுகின்றன. அதன் மேல் வெயில் விழுந்தால் நிறம் ஆழமாகிறது. ‘வெயில்ல போவாதீங்கம்மா’ என்று டாக்டர் சீட்டு எழுதித் தருவார். நடவு நடுகிறவளும் களை பறிக்கிறவளும் செங்கல் சுமக்கிறவளும் அந்தச் சீட்டை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் வற்றும்போது தோலைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் முதல் ஐந்து வருடத்திலேயே 100க்கு 30 பங்கு அளவுக்குக் குறைகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. தோல் மெலிகிறது, உலர்கிறது, சுருங்குகிறது.

ஆக, ஈஸ்ட்ரோஜன் முடியையும் தோலையும் தொடுகிறது என்பது உண்மை. சந்தை பிடித்துக்கொண்டது இந்த உண்மையைத்தான். அது சொல்லாமல் விட்ட பாதி, சாவி அந்தப் பூட்டோடு நிற்காது என்பது. தலையில் தேய்த்தது கர்ப்பப்பையின் கதவையும் தட்டும்.

இதை உலகத்துக்குக் காட்டியவர்கள் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும். தாங்களாக முன்வந்து காட்டவில்லை. அவர்கள் உடம்பில் அது எழுதப்பட்டது.

அந்த எழுத்துக்கு முன்கதை உண்டு. 1786இல் லூசியானாவில் ஸ்பானிய ஆளுநர், நிறமுள்ள பெண்கள் தங்கள் தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்று ஆணை போட்டார். அவர்களுடைய சிகை அலங்காரம் வெள்ளைப் பெண்களின் அந்தஸ்துக்கு இடைஞ்சலாம். திருவிதாங்கூரில் 1859 வரை தோள்சீலைக்காக நாடார் பெண்கள் நடத்திய போராட்டத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே மூடாதே என்றான், இங்கே மூடு என்றான். இரண்டு இடத்திலும் பெண் உடம்பின் மேல்தான் வரம்பு கட்டப்பட்டது. அடிமை முறை ஒழிந்த பிறகு ஆணை தேவைப்படவில்லை. கண்ணாடியே போதுமானதாக இருந்தது. காஸ்டிக் சோடா கலந்த பசையைத் தலையில் அப்பி, எரிச்சல் தாங்கும்வரை தாங்கி, கழுவினால் முடி நீளும். இளவயதில் தானும் அப்படித் தலையைச் சுட்டுக்கொண்டதை மால்கம் எக்ஸ் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொள்வதில் அது தனக்குப் பெரிய முதல் படி என்று அவர் பின்னாளில் கருதினார்.

இதை வெறும் ஏமாளித்தனம் என்று பேசுவதும் சரியல்ல. விடுதலையான அடிமைகளுக்கு 1867இல் மகளாகப் பிறந்து, துணி துவைத்துப் பிழைத்த மேடம் சி. ஜே. வாக்கர், கூந்தல் மருந்து விற்றுப் பெருஞ்செல்வரானவர். ஆயிரக்கணக்கான கறுப்புப் பெண்களுக்கு அவர் வேலை கொடுத்தார். கறுப்பர்களைக் கும்பலாகக் கூடிக் கொன்றதற்கு எதிரான இயக்கத்துக்கு நிதி கொடுத்தார். முடியை மாற்றாமல் வேலை கிடைக்காது என்றால் மாற்றத்தான் செய்வார்கள். 2010இல் அலபாமாவில் ஒரு கறுப்புப் பெண்ணுக்கு வேலை தருவதாகச் சொல்லிவிட்டு, சடைமுடியை வெட்டினால்தான் வேலை என்றது ஒரு நிறுவனம். அவர் மறுத்தார். வேலை போனது. வழக்கு நடந்தது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. இனம் மாற்ற முடியாதது, சிகையலங்காரம் மாற்றக்கூடியது. ஆகவே இது இனப்பாகுபாடு ஆகாதாம். சிகையின் பெயரால் பாகுபாடு காட்டக்கூடாது என்று கலிபோர்னியா சட்டம் செய்ததே 2019இல்தான்.

மாற்றக்கூடியதுதானே என்று நீதிபதி எழுதுகிறார். சரி, மாற்றினால் என்ன ஆகிறது?

1998இல் திவாரி என்கிற மருத்துவர் ஒரு மருத்துவ ஏட்டில் நான்கு சிறுமிகளைப் பற்றி எழுதினார். நால்வரும் கறுப்பினக் குழந்தைகள். இளையவளுக்கு வயது 14 மாதம். மூத்தவளுக்கு 93 மாதம், அதாவது எட்டு வயதுகூட நிரம்பவில்லை. மார்பு வளர்ந்திருந்தது, அல்லது மறைவிடத்தில் முடி முளைத்திருந்தது. விசாரித்தால், ஈஸ்ட்ரோஜனோ நஞ்சுக்கொடிச் சாறோ கலந்த கூந்தல் பொருளை அந்தப் பிள்ளைகளின் தலையில் பயன்படுத்தியிருக்கிறார்கள். பயன்படுத்தத் தொடங்கிய 2 முதல் 24 மாதத்துக்குள் இந்த மாற்றம். நிறுத்தியதும் வளர்ந்தது பின்வாங்கியது. நிறுத்தியதும் பின்வாங்கியது என்கிற ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பதினான்கு மாதக் குழந்தைக்கு அப்போதுதான் நடை பழகுகிற பருவம். அதன் தலைமுடியும் ‘சரியில்லை’ என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அந்தப் பிள்ளையை உலகம் எப்படிப் பார்க்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

இதற்கு ஒரு வருடம் முன்னால், 1997இல், 17,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிறுமிகளை ஆராய்ந்த பெரிய ஆய்வொன்று வந்தது. எட்டு வயதிலேயே பூப்பின் அறிகுறி தொடங்கியிருந்தவர்கள் கறுப்பினச் சிறுமிகளில் 100க்கு 48 பேர். வெள்ளைச் சிறுமிகளில் 100க்கு 15 பேர். உடல் எடை, உணவு என்று இதற்குக் காரணம் பல உண்டு. எல்லாவற்றையும் தைலத்தின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் தைலத்தை விசாரணைக் கூண்டிலிருந்து இறக்கிவிடவும் முடியாது.

நஞ்சுக்கொடி என்கிற சொல்லிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். வட இந்தியக் கிராமங்களில் பிள்ளையின் கொடியை அறுப்பதும் நஞ்சைப் புதைப்பதும் தீட்டிலும் பெரிய தீட்டு. அந்த வேலை தலித் பெண்களின் தலையில் கட்டப்பட்டது. செத்த மாட்டைச் சுமக்க மாட்டோம், கொடி அறுக்க மாட்டோம் என்று உத்தரப் பிரதேசத் தலித்துகள் நடத்திய போராட்டத்துக்குப் பெயரே ‘நாரா–மவேஷி’ இயக்கம். நாரா என்றால் தொப்புள்கொடி, மவேஷி என்றால் மாடு. தொட்ட கைக்குத் தீட்டு ஒட்டியது. அதே நஞ்சைச் சீசாவில் அடைத்து லேபிள் ஒட்டினால் தீட்டு மறைந்து அழகுப்பொருள் ஆகிவிடுகிறது. முதலாளியத்துக்குத் தீட்டு கிடையாது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். யார் தலையில் அது ஊற்றப்பட்டது என்று பாருங்கள்.

அடுத்தது ஈஸ்ட்ரோஜனே இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் வேடம் போடுகிற பொருள்கள். இவை கள்ளச்சாவிகள். 1930களில் சார்லஸ் டாட்ஸ் என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி செயற்கை ஈஸ்ட்ரோஜனைத் தேடியபோது பிஸ்பினால் ஏ என்ற பொருளுக்கு அந்தக் குணம் இருப்பதைக் கண்டார். அதே பொருள் பிறகு பிளாஸ்டிக் தொழிலுக்குப் போய்ச் சேர்ந்தது. கிரீமும் ஷாம்பும் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற பாராபென்களுக்கும் மெலிதான ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டென்று 1998இல் சோதனைச்சாலையில் தெரிந்தது. வாசனையை நிற்க வைக்கிற தாலேட்டுகள் வேறு விதமாக ஹார்மோன் ஒழுங்கைக் கலைக்கின்றன. கம்பெனிக்காரன் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சோதனையில் பியூட்டைல் பாராபெனின் பலம் இயற்கை ஈஸ்ட்ரோஜனில் 10,000இல் ஒரு பங்குதான். உண்மை. ஆனால் ஒரு டப்பாவோடு நிற்கிறதா? ஷாம்பு, எண்ணெய், கிரீம், லோஷன் என்று தினசரி, வருடக்கணக்காக, பிள்ளைப் பருவம் முதல். அதுவும் தலையில். உச்சந்தலைத் தோல் முன்கைத் தோலைவிட மூன்று மடங்குக்கு மேல் மருந்தை உறிஞ்சும் என்று 1967இலேயே கண்டிருக்கிறார்கள். காஸ்டிக் பட்டு வெந்த தலைக்கு வேலியே கிடையாது.

2018இல் அமெரிக்காவின் சைலன்ட் ஸ்பிரிங் ஆய்வு நிறுவனம் கறுப்பினப் பெண்கள் பயன்படுத்துகிற 18 கூந்தல் பொருள்களைச் சோதித்தது. ஹார்மோனைக் குலைக்கிற, அல்லது ஆஸ்துமாவோடு தொடர்புள்ள பொருள்கள் 66ஐத் தேடினார்கள். 45 கிடைத்தன. கிடைத்தவற்றில் 100க்கு 84 பங்கு லேபிளிலேயே இல்லை. ஐரோப்பிய ஒன்றியமும் கலிபோர்னியாவும் கட்டுப்படுத்திய ஐந்து பொருள்கள் மிக அதிகமாக இருந்தது குழந்தைகளுக்கென்று விற்கிற முடிநீட்டிகளில்! அந்நாட்டுச் சட்டப்படி ‘நறுமணம்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டால் அதற்குள் என்னென்ன என்று எழுத வேண்டியதில்லை. கேசம் என்றால் கௌரவம் மாதிரி, நறுமணம் என்றால் மன்னிப்பு.

2022 அக்டோபரில் இன்னொரு ஆய்வு வந்தது. 33,497 பெண்களைச் சுமார் 11 வருடம் பின்தொடர்ந்தார்கள். 378 பேருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்தது. முடிநீட்டியைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் இந்த நோய் வரக்கூடியவர்கள் 100க்கு 1.64 பேர் என்று கணக்கிட்டார்கள். ஒரு வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 100க்கு 4.05 பேர். கர்ப்பப்பைப் புற்றுநோயில் பெரும்பான்மை, ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலோடு உறவுள்ளது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். இதில் ஃபார்மால்டிஹைடு போன்ற வேறு நஞ்சுகளுக்கும் பங்கு இருக்கலாம். ஆய்வாளர்கள் தொடர்பு என்றுதான் சொல்கிறார்கள், காரணம் என்று முடித்துவிடவில்லை. நானும் முடித்துவிடவில்லை. என் கண் நின்றது வேறொரு கணக்கில். ஆய்வில் சேர்ந்த பெண்களில் கறுப்பினத்தவர் 100க்கு 7 பேர். முந்தைய வருடம் முடிநீட்டி பயன்படுத்தியதாகச் சொன்னவர்களிலோ 100க்கு 60 பேர் கறுப்பினத்தவர். நச்சு எந்த உடம்பிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது, அதற்கு நிறம் தெரியாது. நிறம் பார்த்து அதைப் பங்கு போட்டது சமூகம். சாராயம், மலக்குழி, தோல் பதனிடும் ஆலைத் தண்ணீர் எல்லாம் யாருக்கு எவ்வளவு என்று நம் ஊரில் பங்கு போடப்பட்டதும் இப்படித்தான்.

அமெரிக்க அரசு என்ன செய்தது? 1938ஆம் வருடச் சட்டப்படி, ஓர் அழகுப்பொருள் கெடுதல் என்று தெரிந்தாலும் கடையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அவர்களுடைய உணவு மருந்து நிர்வாகத்துக்கு இல்லை. 2022 டிசம்பரில்தான் சட்டம் திருத்தப்பட்டு அந்த அதிகாரம் வந்தது. முடிநீட்டிகளில் ஃபார்மால்டிஹைடைத் தடை செய்ய உத்தேசம் என்று 2023இல் அறிவித்தார்கள். 2024 ஏப்ரல் என்று குறித்த தேதி சும்மா கடந்து போனது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். கம்பெனிகள் மறுக்கின்றன.

இதெல்லாம் அமெரிக்கச் சங்கதி, நமக்கென்ன என்று சொல்ல முடியாது. 1966இல் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் எழுந்தார்கள். 1972இல் அந்தப் பெயரை ஏந்திக்கொண்டு பம்பாயில் நாம்தேவ் தசாலும் தோழர்களும் தலித் சிறுத்தைகளைத் தொடங்கினார்கள். தலைமுடியை வளர்ந்தபடியே விரித்துவிட்டு நின்ற ஏஞ்சலா டேவிஸின் படம் எத்தனையோ இயக்க அறைகளின் சுவரில் ஒட்டப்பட்டது. கோஷத்தைக் கடன் வாங்கியவர்கள் அவர்கள் உடம்பு சொன்ன எச்சரிக்கையையும் வாங்கிக்கொள்ள வேண்டாமா? முதலாளிக்கு இந்தத் தொடர்பு நன்றாகப் புரிகிறது. 1975 முதல் இங்கே விற்ற ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது எதனால்? மினியாபொலிஸில் ஒரு போலீஸ்காரனின் முழங்காலுக்கடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் செத்தார், கறுப்பு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தச் சூட்டில் இங்கே டியூப்பின் மேல் பெயர் மாறியது. நம் பெண்கள் எத்தனை காலம் கத்தியும் மாறாத பெயர்! மாறியதும் பெயர்தான்.

இந்த இடத்தில் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, ‘பொம்பளைங்களுக்கு அழகு மோகம்’ என்கிற குரல். இதைச் சொல்கிற தோழர்கள் பெண் பார்க்கப் போகும்போது என்ன கேட்டார்கள் என்று வீட்டில் விசாரித்துக்கொள்ளட்டும். இன்னொன்று, ‘இயற்கைக்குத் திரும்பு, சீயக்காய் போடு, நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ என்கிற குரல். யாருடைய முன்னோர்? அந்த முன்னோர் விதவையின் தலையை மழித்தவர்களும்தானே? தவிர, இயற்கை என்று எழுதினால் ஹார்மோன் விலகிப் போய்விடாது. லாவண்டர், டீ-ட்ரீ எண்ணெய் கலந்த பொருள்களைப் பயன்படுத்திய மூன்று சிறுவர்களுக்கு மார்பு வளர்ந்ததை 2007இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த எண்ணெய்கள்தான் காரணமா என்பதில் மருத்துவர்களுக்குள் வாதம் நடக்கிறது. இருந்தாலும் ‘மூலிகை’ என்கிற சொல் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகிவிடாது. இந்துத்துவ ஆயுர்வேத வியாபாரி விற்கிற டப்பாவையும் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

முடியை நீட்டிக்கொள்கிற பெண்ணைப் பார்த்துத் துரோகி என்று நான் சொல்ல மாட்டேன். அவள் வேலைக்குப் போக வேண்டும், பஸ்ஸில் போக வேண்டும், நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும். சுருட்டை முடி புரட்சி, நேர்முடி அடிமைத்தனம் என்று அவள் தலையில் இன்னொரு ஆணையை எழுத எவருக்கும் உரிமை இல்லை. நான் கேட்பது அவளுக்குத் தெரிய வேண்டும் என்பது. எது தலையில் போகிறது, அது எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்தபின் அவள் முடிவு செய்யட்டும். பியூட்டி பார்லரில் மூடிய அறைக்குள் ஏ.சி. போட்டு, நாளெல்லாம் அந்தப் புகையை மூச்சில் இழுக்கிற பெண்களை அழகு மோகம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அது கூலி வேலை. தொழிற்சங்கம் பேச வேண்டிய விஷயம்.

ஆகவே நமக்குக் கோரிக்கைகள் இருக்கின்றன. டப்பாவுக்குள் இருப்பது அத்தனையும் தமிழில், படிக்கிற அளவு எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். நறுமணம் என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் எதுவும் ஒளியக்கூடாது. குழந்தைகளுக்கான பொருளில் ஹார்மோனும் ஹார்மோன் வேடமிடுகிற பொருளும் கூடவே கூடாது. பார்லர் தொழிலாளிகளுக்குக் காற்றோட்டமும் மருத்துவப் பரிசோதனையும் சட்டப்படி வேண்டும். அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பைக் கட்டியோடும் புற்றுநோயோடும் வருகிற பெண்ணிடம் என்ன வேலை, தலைக்கு என்ன போட்டாய், முகத்துக்கு என்ன பூசினாய் என்று கேட்டு எழுத வேண்டும். சாதியையும் சேர்த்து எழுத வேண்டும். 7க்கும் 60க்கும் உள்ள இடைவெளி அமெரிக்காவில் தெரிந்தது, இனவாரியாக எண்ணியதால்தான்.

அதுவரை நாமே ஒரு சின்ன வேலையைத் தொடங்கலாம். மகளிர் அணியின் அடுத்த கூட்டத்துக்கு வருகிற தோழிகள் வீட்டில் தீர்ந்துபோன தைலச் சீசா, கிரீம் டியூப், ஷாம்பு சாஷே எதையும் குப்பையில் போடாமல் எடுத்து வாருங்கள். பிள்ளைகளுக்குப் போடுவதை முக்கியமாக எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றாக எல்லோரும் சேர்ந்து படித்து, ஒரு நோட்டில் எழுதி வைப்போம். பூதக்கண்ணாடி நான் கொண்டுவருகிறேன். எழுத்து அவ்வளவு பொடிசு.